குடல் தைத்தபின் வரும் நாட்கள்

1902ஆம் ஆண்டு யூன் மாதத்தின் கடைசி வாரத்திலே இலண்டன் மாநகரம் விழாக்கோலம் பூண்டிருந்தது. ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழா 26ஆந் தேதி நடைபெறுவதாயிருந்தது. பிறநாட்டு இளவரசர்களும் தூதர்களும் வந்து கூடிவிட்டனர். வீதிதோறும் மேடைகளும் தோரணங்களும் எழுந்துவிட்டன. விழாவுக்கு இரண்டே நாள் இருக்கையில், 24ஆந் தேதி, மன்னர் பக்கிங்காம் அரண்மனை அறையொன்றிலே சத்திரசிகிச்சை மேசைமீது கிடத்தப்பட்டார். குடல்வளரி என வழங்கும் சிறு வால் போன்ற உறுப்பு அழுகி, அதனைச் சுற்றிச் சீழ் திரண்டிருந்தது. அபிடேகம் முடியட்டும், பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று மன்னர் பிடிவாதஞ் செய்தார். வைத்தியர்கள் இணங்கவில்லை. 75 வயதினராகிய லிஸ்டர் பிரபுவும் ஆலோசனைக்கு அழைக்கப்பட்டிருந்தார். கத்தியைக் கையிலெடுத்தவர் சேர் பிரடறிக் திரீவ்ஸ் என்பவர்.

திரீவ்ஸ் வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார், அது தொடர்ந்து வடிவதற்குக் குழாய்கள் வைத்தார், அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். நோய்க்கு வேராகிய குடல்வளரியை அவர் வெட்டியகற்றவில்லை. இக்காலத்தவர்க்கு இது வியப்பைத் தரலாம். திரீவ்ஸ் அனுபவமற்றவர் அல்லர். குடலடைப்பைப் பற்றி நூல் எழுதிப் பரிசு பெற்றவர். தம் சொந்த மகளையே 1900ஆம் ஆண்டில் இதே நோய்க்குப் பறிகொடுத்தவர். வெட்டத் தெரியாமல் அவர் நிறுத்தவில்லை. அழுகிய குடலை வெட்டித் தைத்தால், அத்தையல் மூன்றாம் நாளோ ஏழாம் நாளோ பிரிந்து போகக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார். கத்தி தொழில் செய்யும் அரைமணி நேரத்துக்கு அவர் அஞ்சவில்லை. அதன்பின் வரும் பத்து நாட்களுக்கே அஞ்சினார். மன்னர் பிழைத்தெழுந்து ஓகஸ்ட் 9ஆந் தேதி முடிசூடினார்.

அந்தப் பத்து நாட்களின் வரலாறு நெடியது. சத்திரவைத்தியத்தின் வெற்றிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் கத்தியையும் கைவன்மையையுமே புகழ்வர். குடலைப் பொறுத்தமட்டில் உயிரும் சாவும் தீர்மானிக்கப்படும் இடம் மேசையன்று, கட்டில்.

குடலின் இயல்பே இதற்குக் காரணம். மனிதனுடைய சிறுகுடல் ஏறத்தாழ 20 அடி நீளமுடையது. பெருங்குடல் 5 அடி வரை நீளும். சுவரோ மெல்லியது, ஒருகணமும் ஓயாது நெளிந்துகொண்டிருப்பது. உள்ளே இருப்பன எண்ணிறந்த கிருமிகள். அவை உள்ளே இருக்கும்வரை தீங்கு செய்வதில்லை. ஊசித்துளை வழியே வயிற்றறைக்குள் கசிந்துவிட்டால் ஆளைக் கொன்றுவிடும். கையிலே பட்ட காயம் சீழ் பிடித்தால் கண்ணுக்குத் தெரியும். குடலிலே தையல் விட்டுப் போவதை எவரும் காணமுடியாது. நாடி துடிப்பதைக் கொண்டும் முகம் வாடுவதைக் கொண்டும் ஊகித்தே அறியவேண்டும்.

பண்டை இந்திய வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதை இவ்விடர்ப்பாட்டை அறிந்திருந்தது. குடல் துளைபட்டுக் கசியும்போது வயிற்றைக் கீறிக் குடலை வெளியே எடுத்து, துளையின் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, கரிய எறும்புகளைக் கொண்டு கடிப்பிக்குமாறு அது விதிக்கின்றது. எறும்பு கவ்வியதும் உடலைக் கிள்ளியெறிந்து தலையை மாத்திரம் விட்டுவிட வேண்டும். பின்பு குடலை உள்ளே வைத்து வயிற்றைத் தைக்க வேண்டும். நூல் அதனோடு நிற்கவில்லை. நோயாளியைக் காற்றுப் படாத இடத்தில், எண்ணெயோ நெய்யோ நிரப்பிய தொட்டியில் இருத்தி, பாலையே உணவாகக் கொடுத்துவர வேண்டும் என்று மேலுஞ் சொல்லுகின்றது. எண்ணெய்த் தொட்டியை இன்று எவரும் பயன்படுத்தப் போவதில்லை. ஆனால், தைத்து முடித்தவுடன் வைத்தியன் வேலை முடிந்துவிடவில்லை என்று அந்நூலாசிரியர் கருதியது கவனிக்கத்தக்கது. பிற்காலத்து ஐரோப்பிய சத்திரவைத்தியர் பலருக்கு இந்த எண்ணம் எளிதில் வாய்க்கவில்லை.

1776ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்து றூவன் நகரில் நிகழ்ந்ததொன்றைக் காண்போம். மதுவணிகர் ஒருவருக்கு மலக்குடலிலே புற்றுநோய் வளர்ந்து வழி அடைபட்டது. அடைப்பைத் தள்ளிவிடும் என்று நம்பி ஏறத்தாழ இரண்டு இறாத்தல் இரசத்தை அவருக்கு விழுங்கக் கொடுத்திருந்தார்கள். அடைப்பு அசையவில்லை. பின்னர் பிலோர் என்னும் சத்திரவைத்தியர் வயிற்றின் வலப்புறத்தே பெருங்குடலின் தொடக்கத்தைத் திறந்து, மலம் வெளியேறச் செயற்கைக் குடல்வாய் ஒன்று அமைத்தார். வயிறு தணிந்தது, நோயாளி ஆறுதலடைந்தார். ஆயினும் 28ஆம் நாள் இறந்தார். உடலை அறுத்துப் பார்த்தபோது பிலோர் செய்த வேலை பழுதின்றி இருந்தது. முன்னே விழுங்கிய இரசமே சிறுகுடலில் தங்கி அதனை அழுகச் செய்திருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின்வரும் கேடுகளுக்கெல்லாம் கத்தியே காரணமன்று. அதற்கு முன்னே நல்லெண்ணத்தோடு செய்தவையும் காரணமாகலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1793இல் பிறெஸ்ற் நகரிலே டியூரே என்பவர், மலவாயின்றிப் பிறந்த சிசு ஒன்றுக்கு இடப்புறத்தே குடல்வாய் அமைத்தார். அக்குழந்தை வளர்ந்து 45 வயதுவரை வாழ்ந்தது.

குடலை வெளியே திறந்துவிடுவது வேறு. வெட்டிய இரு முனைகளையும் உள்ளேயே பொருத்துவது வேறு. பின்னையதற்கு வழி காட்டியவர்கள் இருவர். இங்கிலாந்திலே பெஞ்சமின் திறவர்ஸ் என்பவர் நாய்களின் குடலிற் பல சோதனைகள் செய்து 1812இல் நூலாக வெளியிட்டார். ஒரு சோதனையில் அவர் நாயின் குடலைச் சுற்றி நூலை இறுகக் கட்டிவிட்டார். நாய் சாகவில்லை! நூல் சுவரை அறுத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அதற்குள் வெளியே இரு புறமும் ஒட்டிக்கொண்டு வழி மீண்டது. குடல் தானே தன்னை ஒட்டிக்கொள்ள வல்லது. சுற்றுவட்டம் முழுவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாற் போதும் என்பது இதனாற் புலனாயிற்று. பிரான்சிலே 1826இல் அன்துவான் லெம்பேர் என்னும் இளம் வைத்தியர் அடுத்த படியைக் கண்டார். அதுவரை தைத்தோர் துணியைத் தைப்பதுபோல விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்தனர். குடலின் உட்தோல் உட்தோலோடு எளிதில் ஒட்டாது. வெளிச்சவ்வோ வெளிச்சவ்வோடு சில மணி நேரத்திலேயே பசைபோல் ஒட்டத் தொடங்கும். ஆதலின் விளிம்புகளை உள்நோக்கி மடித்து, வெளிப்புறங்கள் ஒன்றையொன்று முத்தமிடும்படி லெம்பேர் தைத்தார். ஊசி குடலின் உள்வெளிக்குட் புகவில்லை. இன்றும் சத்திரவைத்திய மாணவர் கற்கும் தையல்களில் ஒன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

எனினும் நூல் எந்தப் படலத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி இன்னும் 60 ஆண்டு விடையின்றிக் கிடந்தது. அமெரிக்கரான வில்லியம் ஹோல்ஸ்டெட் 1887இல் அதற்கு விடை கூறினார். உட்தோலுக்கு அடியிலே நார் போன்ற உறுதியான படலம் ஒன்று உளது. அதனைக் கோத்துக்கொள்ளாத தையல் சேற்றில் நட்ட முளைபோலப் பிடுங்கிக்கொண்டு வரும் என்பதே அவர் கண்ட உண்மை.

இதற்கிடையில் உலக வைத்தியமே தலைகீழாய் மாறியிருந்தது. 1846இல் ஈதர் மயக்கம் வந்தது. 1867இல் கிளாஸ்கோ நகரிலிருந்து லிஸ்டர், காயத்தைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத கிருமியே என்றும், காபோலிக் அமிலத்தால் அதனைத் தடுக்கலாம் என்றும் எழுதினார். அதே 1867ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், இலண்டன் டிறூயிற் என்பாரின் சத்திரவைத்திய நூலை ‘இரண வைத்தியம்’ என்ற பெயரால் 504 பக்கங்களில் தமிழாக்கி வெளியிட்டார். தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியம் பயின்ற மாணவர் அந்நூலைக் கையிலேந்திக் கத்தியின் இலக்கணத்தைக் கற்றனர். அது அச்சேறியபோது லிஸ்டரின் புதுமுறை பாடநூல்களுக்குட் புகுந்திருக்கவில்லை. ஒரே ஆண்டில் தோன்றிய இவ்விரண்டும் ஒன்றையொன்று அறியா. வயிற்றைத் துணிந்து திறக்கும் காலம் லிஸ்டருக்குப் பின்னரே வந்தது.

துணிவு வந்ததும் சாவும் கூடியது. புற்றுநோய் கண்ட பெருங்குடலை வெட்டி அப்போதே பொருத்தித் தைத்தவர்களில் பலர் ஒரு வாரத்துள் இறந்தனர். சிக்காகோவிலே ஜோன் மேர்பி என்பவர் 1892இல் ஓர் உலோகப் பொத்தானைச் செய்தார். அதன் இரு பாதிகளும் குடலின் இரு முனைகளைக் கவ்விப் பிடிக்கும்; ஒட்டியபின் பொத்தான் மலத்தோடு போய்விடும். சில ஆண்டு அது பெரும் பேர் பெற்றது. ஆனால் சிக்கல் தையலின் நுட்பத்தில் மாத்திரம் இருக்கவில்லை. அடைபட்டு வீங்கிய குடல், நலிந்த நோயாளி, நிறைந்த கிருமி என்ற மூன்றும் சேர்ந்தவிடத்து எத்தகைய தையலும் நில்லாது. இதனை உணர்ந்த பிறெஸ்லோ நகரத்து மிக்குலிச், நோயுற்ற குடற்பகுதியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து விட்டு, சில நாள் கழித்து அதனை வெட்டி, பல வாரங்கள் சென்றபின்னரே வாயை மூடும் முறையைப் பரப்பினார். 100க்கு 40க்கு மேல் இருந்த இறப்பு அவர் கையில் 12 அளவுக்குத் தாழ்ந்தது. பாரிசிலே ஆன்றி ஹாட்மன் 1921இல் மற்றொரு வழி சொன்னார்: நோயுற்ற பகுதியை அகற்று, கீழ்முனையைத் தைத்து மூடி உள்ளேயே விடு, மேல்முனையை வயிற்றிலே குடல்வாயாகத் திற, பொருத்தாதே. பொருத்து இல்லையேல் பொருத்து விட்டுப்போகும் ஆபத்தும் இல்லை. கேட்கும்போது எளியதாகத் தோன்றும் இக்கருத்துக்குப் பெரிய மனத்துணிவு வேண்டும். கைதேர்ந்தவன் தன் கைத்திறனைக் காட்டாது விடுவது எளிதன்று.

ஆனால் அவ்வாறு உயிர்தப்பியவரின் வாழ்வு எப்படியிருந்தது? வயிற்றிலே ஒரு வாய். அதிலிருந்து வேளைதவறாது ஒழுகும் மலம். சிறுகுடலை வெளியே திறந்தவர் நிலை இன்னும் கொடிது. சீரணநீர் தோலையே தின்றுவிடும். வெளியே நீட்டிய குடலின் பச்சைச் சவ்வு புண்ணாகித் தடித்து இறுகும். வாய் குறுகிக் குடல் அடைபடும். நோயாளி படி படியாக நீரை இழந்து வற்றிப்போவார். 1952இல் பேமிங்காம் நகரத்து பிறையன் புறூக், சட்டைக் கையின் நுனியைப் புரட்டி மடிப்பதுபோலக் குடல்முனையை வெளிப்புறமாக மடித்து, உட்தோல் வெளியே தெரியும்படி தோலோடு சேர்த்துத் தைத்தார். சவ்வு மறைந்தது; புண் மறைந்தது; முனை சிறு குழாய்வாய்போல் நீண்டு நின்றமையால் நீரும் தோலிற் படவில்லை. மூன்று நான்கு தையலில் முடியும் இந்தச் சிறு மாற்றம் எத்தனையோ பெருநூல்கள் செய்யாததைச் செய்தது.

எஞ்சிய குறையைத் தீர்த்தோர் சத்திரவைத்தியர் அல்லர். டென்மார்க்கிலே எலீஸ் சோரென்சன் என்ற தாதியின் தங்கை தோரா, குடல்வாய் அமைக்கப்பட்டபின் கசிவுக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியே செல்லாதிருந்தாள். எலீஸ் 1954இல், தோலோடு ஒட்டிக்கொள்ளும் வளையத்தையுடைய, ஒருமுறை பயன்படுத்தி எறியத்தக்க பிளாத்திக்குப் பையொன்றைக் கற்பனை செய்தாள். அமெரிக்காவிலே கிளீவ்லாந்து நகரில் சத்திரவைத்தியர் றூப்பேட் ரேண்புல், தம்மிடம் சிகிச்சை பெற்று வயிற்றிலே குடல்வாயோடு வாழ்ந்த நோர்மா கில் என்னும் பெண்மணியை 1958இல் வேலைக்கமர்த்தினார். புதிதாகச் சிகிச்சை பெற்றவர்களின் கட்டிலருகே சென்று, பையை எப்படி ஒட்டுவது, தோலை எப்படிப் பேணுவது, எதை உண்பது, எப்படித் துணிந்து வெளியே செல்வது என்று அவர் சொல்லிக்கொடுத்தார். 1961இல் அதற்கென ஒரு பயிற்சிப் பள்ளியே தொடங்கிற்று. தன் வயிற்றிலேயே பையைச் சுமப்பவர் சொல்லும் சொல்லுக்குள்ள மதிப்பு, வெள்ளையங்கி அணிந்தவரின் சொல்லுக்கு வாய்ப்பதில்லையன்றோ?

இனி, தையல் நன்றாயிருந்தும் வரும் ஒரு தொல்லை உண்டு. வயிற்றைத் திறந்து குடலைத் தொட்டவுடன் அது அசைவை நிறுத்திவிடும். 1899இல் இலண்டனில் பெயிலிஸ், ஸ்ராலிங் என்னும் உடற்றொழில் ஆய்வாளர் இருவர், வயிற்றைத் திறந்ததும் நரம்புகள் வழியே ‘நில்’ என்ற கட்டளை குடலுக்குச் செல்வதை நாய்களில் மெய்ப்பித்தனர். அவ்வாறு நின்ற குடலிலே நீரும் காற்றும் தேங்கி வயிறு பறைபோல் உப்பும், வாந்தி வரும், தையல் இழுபடும். சத்திரசிகிச்சை முடிந்த மறுநாள் முதல் வைத்தியர் கட்டிலருகே வந்து கேட்கும் முதற் கேள்வி ‘காற்றுப் பிரிந்ததா?’ என்பது. நாகரிகம் கருதிப் பிற இடங்களிற் பேசப்படாத அச்சிறு நிகழ்ச்சிக்காகக் குடும்பம் முழுவதும் காத்திருந்து, அது நிகழ்ந்ததும் மகிழ்ந்த கதை எந்த ஊர் வைத்தியசாலைக்கும் புதியதன்று.

குடல் அடைபட்டவர் ஏன் இறக்கின்றனர் என்பதற்கு நெடுங்காலம் ‘நஞ்சு’ என்றே விடை கூறப்பட்டது. 1912இல் ஹாட்வெல், ஹொகெற் என்ற அமெரிக்கர் இருவர், குடலடைத்த நாய்களுக்கு உப்புநீரை உடலில் ஏற்றியபோது அவை மிக நீண்ட நாள் உயிரோடிருக்கக் கண்டனர். வாந்தியாலும் தேக்கத்தாலும் உடல் நீரையும் உப்பையும் இழப்பதே பெருங்கேடு என்பது அப்போது தெளிந்தது. அடுத்து, மினியாப்பொலிஸ் நகரத்து ஓவென் வாங்கென்ஸ்ரீன் 1930களின் தொடக்கத்தில் வேறொன்று கண்டார்: வயிற்றை உப்பச் செய்யும் காற்றிற் பெரும்பகுதி குடலில் ஊறுவதன்று, நோயாளி விழுங்கியதே. எனவே மூக்கின் வழியே மெல்லிய இறப்பர்க் குழாயை இரைப்பைவரை செலுத்தி, நீர்ப் போத்தல்களை ஏற்றியிறக்குவதால் உண்டாகும் மெல்லிய இழுவிசையால் காற்றையும் நீரையும் இடைவிடாது வெளியேற்றினார். மின்விசையும் வேண்டா, பெரும் பொருளும் வேண்டா. குடலடைத்தோர் ஆயிரக்கணக்கானோரை அக்குழாய் காத்தது. கத்தியின்றியே மீண்டவர்களும் பலர்.

நல்ல மருந்துக்கு நேரும் விதி இதற்கும் நேர்ந்தது. அடைப்புள்ளவனுக்கு உதவிய குழாய், அடைப்பில்லாதவனுக்கும் வழக்கமாயிற்று. வயிற்றிலே எச்சத்திரசிகிச்சை செய்தாலும் மூக்கிலே குழாய். காற்றுப் பிரியும்வரை வாயிலே ஒரு துளி நீரும் இல்லை. நா வறண்டு நோயாளி கெஞ்சினாற் பஞ்சை நனைத்து உதட்டிலே ஒற்றினர். தையலுக்கு ஓய்வு கொடுக்கிறோம் என்பதே இதற்குக் கூறப்பட்ட நியாயம். கேட்பதற்குப் பொருத்தமான நியாயந்தான். அது உண்மையா என்று சோதித்துப் பார்ப்பதற்கு மாத்திரம் அரை நூற்றாண்டு கடந்தது.

ஓய்வு என்னும் சொல் கட்டிலையும் ஆண்டது. இரண்டு வாரம், மூன்று வாரம் அசையாது கிடத்தலே விதியாயிருந்தது. சிக்காகோவின் எமில் றீஸ் 1899இலேயே தம் நோயாளரை விரைவில் எழுப்பி நடத்தி நன்மை கண்டு எழுதினார், உலகம் செவிசாய்க்கவில்லை. 1938இல் டெற்றோயிற் நகரத்து லைதவுசர் என்பவர், குடல்வளரி அகற்றப்பட்ட ஒருவர் விதியை மீறி உடனே எழுந்து நடந்து விரைவில் நலமடைந்ததைக் கண்டு, அதனையே முறையாக்கினார். இரண்டாம் உலகப் போரிலே கட்டில் போதாமையும் கைகொடுத்தது. 1947இல் இங்கிலாந்து வைத்தியர் றிச்சட் ஆஷர், படுக்கையில் கிடத்தலின் ஆபத்துக்களைப் பற்றி நகைச்சுவையும் கடுமையும் கலந்து ஒரு கட்டுரை எழுதினார். அசையாத கால்களின் நாளங்களிலே இரத்தம் உறையும். உறைந்த கட்டி பெயர்ந்து சுவாசப்பைக்குச் சென்று ஒரு நொடியிற் கொல்லும். குடல் நன்றாய்த் தேறி வீட்டுக்குப் போகவிருந்தவர் எழுந்து நின்றதும் சாய்ந்து விழுந்து மாண்ட துயரம் இதனால் விளைந்ததே. இலண்டனிற் பணியாற்றிய இந்தியரான கக்கார் 1975இல், 4,000க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சை நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சிறிய அளவில் ஹெப்பரின் ஊசி கொடுத்த ஆய்வை வெளியிட்டார். ஊசி பெறாதவருள் 16 பேர் அவ்வகையில் இறக்க, பெற்றவருள் இறந்தோர் இருவரே.

தையல் பிரிந்து, குடல்நீர் வயிற்றுத் தோல் வழியே புரையாய் ஒழுகத் தொடங்கியோர் கதி வேறு. பொஸ்ரன் நகரிலே 1960இல் வெளியான ஒரு கணக்கின்படி அத்தகையோரில் 100க்கு 40க்கு மேற்பட்டோர் இறந்தனர். நீரும் உப்பும் இழத்தல், சீழ், பட்டினி ஆகிய மூன்றுமே கொலையாளிகள் என்று அக்கணக்கு எழுதியோர் கண்டனர். வாயால் உண்டாற் புரை பெருகும். உண்ணாவிடின் உடல் உருகும். இவ்விக்கட்டை அவிழ்த்தவர் பிலடெல்பியாவின் ஸ்ரான்லி டட்றிக். அவர் நாய்க்குட்டிகளுக்கு உணவு முழுவதையும் பெருநாளம் வழியே மட்டும் செலுத்தி அவற்றை வளரச் செய்தார். பின்னர் குடல் உருவாகாது பிறந்த பெண்குழந்தைக்கும் அவ்வாறே ஊட்டினார். 1968இல் அவ்வரலாறு வெளியாயிற்று. அதன்பின் புரையுள்ளோரைப் பொறுமையோடு வைத்திருந்து, முதலிற் சீழை வடித்து, தோலைக் காத்து, உடலைத் தேற்றி, பல வாரங்களோ மாதங்களோ கழித்தே மீண்டும் கத்தியெடுக்கும் வழக்கம் நிலைபெற்றது. பல புரைகள் கத்தியின்றியே மூடிக்கொண்டன.

கிருமியை அடக்கும் மருந்துகளிலும் ஒரு பாடம் மறைந்திருந்தது. பெனிசிலின் போன்றவை வந்தபின் சத்திரசிகிச்சை முடிந்ததும் அவற்றைத் தாராளமாகக் கொடுத்தனர். 1961இல் ஜோன் பேர்க் என்ற அமெரிக்கர், கிருமி காயத்துட் புகுமுன்னரே மருந்து இரத்தத்தில் இருந்தாற்றான் பயன் தரும்; சில மணி நேரம் பிந்தினாற் பயனில்லை என்று விலங்குகளிற் காட்டினார். கத்தி படுமுன் ஊசி போடும் வழக்கம் அதிலிருந்து வந்தது. 1973இல் நிக்கல்ஸ், கொண்டன் என்போர் முதல்நாளே வாய்வழி மருந்து கொடுத்துப் பெருங்குடலின் கிருமிகளைக் குறைக்கும் முறையை வகுத்தனர்.

கடைசியாக, ஓய்வென்னும் பழைய விதியை முழுதும் புரட்டியவர் கோப்பன்ஹேகன் நகரத்து ஹென்றிக் கேலெற். நோயாளி ஏன் இன்று வீட்டுக்குப் போக முடியாது என்று அவர் கேட்டார். நோவா? குமட்டலா? நின்ற குடலா? அல்லது வெறும் வழக்கமா? ஒவ்வொன்றாக அவற்றைக் களைந்தார்: குடலை உறங்கவைக்கும் அபின் வகை மருந்துகளைக் குறைத்து முதுகந்தண்டின் வழியே நோவை அடக்கினார், மூக்குக் குழாயை நீக்கினார், அன்றே பருகவும் உண்ணவும் எழுந்து நடக்கவும் செய்தார். 1999இல் அவர் வெளியிட்ட அறிக்கையில் பெருங்குடல் அகற்றப்பட்ட 16 நோயாளரிற் பெரும்பாலோர் இரண்டே நாளில் வீடு சென்றிருந்தனர். அக்காலத்தில் பிற வைத்தியசாலைகளில் அது ஒரு வாரத்துக்கும் மேற்பட்டது. 2001இல் 11 ஆய்வுகளின் 837 நோயாளரைச் சேர்த்துப் பார்த்தபோது பட்டினி போடுவதால் ஒரு நன்மையும் புலப்படவில்லை. முன்னதாக உண்டவருக்குச் சீழ்பிடித்தலும் குறைவாயிருந்தது. குழாயை வழக்கமாக வைக்காதவர்களின் குடலே முந்தி விழித்தது. உண்பது போன்ற பாவனையே குடலை எழுப்பும் என்று கருதிய யப்பானியர் சிலர், 2002இல் நோயாளருக்கு மெல்லும் பசை கொடுத்துக் காற்று முன்னதாகப் பிரியக் கண்டனர். பழைய வைத்தியர் கண்டால் மயங்கி விழுவர்!

இத்தனைக்குப் பின்னும் தையல் விட்டுப்போதல் அறவே ஒழியவில்லை. மலக்குடலின் தாழ்ந்த பகுதியிற் பொருத்தும்போது அது மிகுதி. புகைப்பவர், உடல் மெலிந்தவர், அப்பகுதிக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர் ஆகியோரிடம் இன்னும் மிகுதி. சுவீடனில் 2007இல் வெளியான ஆய்வொன்றிலே, தாழ்ந்த பொருத்துக்கு மேலே தற்காலிகக் குடல்வாய் அமைத்தவர்களில் 100க்கு 10 பேருக்கும், அமைக்காதவர்களில் 28 பேருக்கும் கசிவு வெளிப்பட்டது. ஹாட்மன் காலத்துக் குடல்வாய் இன்னும் காவலிருக்கின்றது. சில மாதங்களின்பின் அது மூடப்படும்.

கசிவு எப்போதும் பறையறைந்து வருவதில்லை. நான்காம் ஐந்தாம் நாளிலே நன்றாயிருந்தவர் திடீரென உணவை வெறுப்பார், நாடி 100ஐத் தாண்டும், மூச்சு விரையும், சிறிது காய்ச்சல் காயும், அடங்கியிருந்த வயிற்றுநோவு புதிதாய் எழும். அடங்கி வந்த நாடி காரணமின்றி ஏறுமானால் அதனைக் களைப்பென்று தள்ளிவிடாது, அன்றே கணினிக் கதிர்ப்படம் எடுத்துப் பார்ப்பர். சிறு சீழ்த் திரளாயின், படத்தைப் பார்த்தபடியே ஊசியும் மெல்லிய குழாயும் செலுத்தி வடித்துவிடுவர். வயிறெங்கும் பரவியிருந்தால் மீண்டும் திறந்து கழுவி, பொருத்தைப் பிரித்துக் குடலை வெளியே கொண்டுவருவர். இரண்டில் எதுவாயினும் மணிக்கணக்கிலே செய்யவேண்டியது. அடுத்த நாள் காலைவரை பொறுத்துப் பார்ப்போம் என்று தள்ளிவைத்த இரவுகளே பலருடைய உயிரைக் கொண்டுபோயின. வீட்டுக்குச் சென்றவருக்கு இவ்வறிகுறிகளில் ஒன்று தோன்றினும் அன்றே வைத்தியசாலைக்குத் திரும்ப வேண்டும் என்று இப்போது எழுதிக்கொடுத்தே அனுப்புகின்றனர். காலைதோறும் கட்டிலருகே ‘காற்றுப் பிரிந்ததா?’ என்ற கேள்வி மாத்திரம் இன்னும் மாறாது கேட்கப்படுகின்றது. நோயாளி அதற்கு விடை சொல்லும்போது பெரும்பாலும் அவர் கையிலே தேநீர்க் கோப்பை இருக்கின்றது.